ஹோட்டல் வாசலிலிருந்து பிரிஸ்டல் பேருந்து வரை: யார் இந்த லியரி கான்ஸ்டன்டைன்?

பேருந்தில் ஏறுகிறீர்கள். அட்டையைத் தட்டிவிட்டு உட்காருகிறீர்கள். ஓட்டுநர் எந்த இனம் என்று நீங்கள் கவனித்துக்கூட இருக்க மாட்டீர்கள்.

1963ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் நிலைமையே வேறு. கறுப்பினத்தவரும் ஆசியர்களும் அங்கே பயணிகளாகப் பேருந்தில் ஏறலாம், காசு கொடுக்கலாம். ஆனால் அதே பேருந்தில் ஓட்டுநராகவோ நடத்துநராகவோ வேலைக்குச் சேர முடியாது. பட்டறையிலும் உணவுக்கூடத்திலும் குறைந்த சம்பளத்துக்கு எடுப்பார்கள். பேருந்துக்குள் மட்டும் வேண்டாம்.

இது ரகசியம் இல்லை. சட்டவிரோதமும் இல்லை! வேலையிடத்தில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டமே அப்போது பிரிட்டனில் கிடையாது.

நான்கு மாதப் போராட்டத்துக்குப் பிறகு அந்தத் தடை விழுந்தது. போராடியவர்கள் உள்ளூர்க்காரர்கள். ஆனால் லண்டனில் உட்கார்ந்திருந்த 61 வயதுக்காரர் ஒருவர், செய்யக்கூடாத வேலை ஒன்றைச் செய்தார். அதற்கு விலையும் கொடுத்தார்.

அவர் பெயர் லியரி கான்ஸ்டன்டைன். முன்னாள் கிரிக்கெட் ஆட்டக்காரர்.

கிரிக்கெட்ல அவ்வளவா ஆர்வம் இல்லையே என்கிறீர்களா? பரவாயில்லை, தொடர்ந்து படியுங்கள். விஷயம் கிரிக்கெட் மட்டும் இல்லை.

கங்காணி மகன்

1901ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் தேதி, கரீபியக் கடலில் உள்ள டிரினிடாட் தீவில் கான்ஸ்டன்டைன் பிறந்தார். அப்போது அது பிரிட்டிஷ் காலனி. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த குடும்பம்.

அப்பா லெப்ரன், கொக்கோ தோட்டத்தில் மேற்பார்வையாளர். நம்ம ஊர் தோட்டத்துப் பேச்சில் சொன்னால் கிட்டத்தட்டக் கங்காணி. அவரும் சாதாரண ஆள் இல்லை. 1900ஆம் ஆண்டு வெஸ்ட் இண்டீஸ் அணியோடு இங்கிலாந்து சென்று, அந்த மண்ணில் சதம் அடித்த முதல் வெஸ்ட் இண்டீஸ் ஆட்டக்காரர் ஆனார். தாய்மாமனும் வெஸ்ட் இண்டீஸ் ஆட்டக்காரர்தான். வீட்டில் கிரிக்கெட்டுக்குக் குறைச்சலே இல்லை.

படித்து முடித்த லியரி, வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்தார். சட்டம் படிக்க ஆசை. ஆனால் கறுப்பினத்து எழுத்தர் அங்கே எவ்வளவு உயரம் போக முடியும் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். கூரை தாழ்வாக இருந்தது. கிரிக்கெட்டிலும் அப்படித்தான்: ஆடுவது கறுப்பர்கள், அணித்தலைவர் பதவி வெள்ளையருக்கு.

அப்போ வெளியேற ஒரே வழி என்ன? இங்கிலாந்தில் யாராவது சம்பளம் கொடுத்துக் கூப்பிடும் அளவுக்கு ஆட வேண்டும்.

1928இல் ஆடினார். லார்ட்ஸ் திடலில் மிடில்செக்ஸ் அணிக்கு எதிரான ஆட்டம். முதல் இன்னிங்ஸில் 86 ஓட்டங்கள். பிறகு 57 ஓட்டங்கள் கொடுத்து 7 விக்கெட். இரண்டாம் இன்னிங்ஸில் சுமார் ஒரு மணி நேரத்தில் 103. தோற்க வேண்டிய ஆட்டத்தை வெஸ்ட் இண்டீஸ் வென்றது. அந்தப் பயணத்தில் ஆயிரம் ஓட்டங்களும் நூறு விக்கெட்டுகளும் அவர் கணக்கில் சேர்ந்தன. களக்காப்பில் அவரைப் பார்க்கவே ஆட்கள் காசு கொடுத்து வந்தார்கள்.

அழைப்பு வந்தது. லண்டனிலிருந்து இல்லை, வடக்கு இங்கிலாந்தில் இருந்த நெல்சன் என்ற நெசவாலை ஊரிலிருந்து.

ஊரிலேயே ஒரே கறுப்பினக் குடும்பம்

1929இல் மனைவி நோர்மாவோடு கான்ஸ்டன்டைன் நெல்சனுக்குக் குடிபெயர்ந்தார். ஆண்டுச் சம்பளம் 500 பவுண்டு. நூற்பாலைத் தொழிலாளர்கள் வாழ்ந்த ஊருக்கு அது பெரிய தொகை.

பெரும்பாலோர் அதுவரை கறுப்பினத்தவரை நேரில் பார்த்ததே இல்லை. பிள்ளைகள் வீட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். மோசமான கடிதங்களும் வந்தன. முதல் ஆண்டு முடிந்ததும் ஊருக்கே திரும்பிவிடலாமா என்ற யோசனை கான்ஸ்டன்டைனுக்கு இருந்தது. நோர்மாதான் பிடிவாதமாகத் தங்க வைத்தார் என்பார்கள். இந்தக் கதையில் நோர்மாவுக்கு இன்னும் பெரிய இடம் கொடுக்க வேண்டும், ஆனால் அவரைப் பற்றி எழுதி வைத்தவர்கள் குறைவு.

தங்கினார்கள். நெல்சன் அணிக்காக ஒன்பது பருவங்கள் ஆடினார் கான்ஸ்டன்டைன். அந்த ஒன்பதில் ஏழு முறை லீக் பட்டம் நெல்சனுக்கு. சனிக்கிழமை மதியம் என்றால் ஊரே திடலில்தான்.

இங்கே இன்னொரு விஷயம் நடந்தது. 1932இல் டிரினிடாடிலிருந்து சி.எல்.ஆர். ஜேம்ஸ் என்ற இளம் எழுத்தாளர் வந்து அந்த வீட்டில் தங்கினார். காலனி ஆட்சி முடிய வேண்டும், மேற்கிந்தியத் தீவுகள் தங்களைத் தாங்களே ஆள வேண்டும் என்பது அவர் கட்சி. அவருடைய முதல் அரசியல் நூல் அச்சாவதற்குக் காசு கொடுத்தது யார்? கிரிக்கெட் சம்பளம்தான். கான்ஸ்டன்டைனின் முதல் நூலை எழுத ஜேம்ஸ் கைகொடுத்தார். இருவரும் ஊர் ஊராகச் சென்று மேற்கிந்தியத் தீவுகளைப் பற்றிப் பேசினார்கள். கூட்டம் வந்தது. ஜேம்ஸைக் கேட்கவா வந்தார்கள்? ஆரம்பத்தில் கான்ஸ்டன்டைனைப் பார்க்கத்தான் வந்திருப்பார்கள்.

பிரபலங்கள் ஒரு போராட்டத்துக்கு என்ன செய்ய முடியும் என்று கேட்டால், நான் முதலில் சொல்வது இந்த வீட்டைத்தான். மேடை, முழக்கம், கேமரா எதுவும் இல்லை. தங்க ஓர் அறை, அச்சுக்குக் கொஞ்சம் பணம், கூட்டத்தை இழுக்க ஒரு பெயர். பின்னாளில் ஜேம்ஸ் இருபதாம் நூற்றாண்டின் முக்கியமான கறுப்பினச் சிந்தனையாளர்களில் ஒருவரானார்.

நான்கு இரவு பதிவு, ஓர் இரவு அனுமதி

இரண்டாம் உலகப் போர். கான்ஸ்டன்டைன் பிரிட்டிஷ் தொழிலாளர் அமைச்சில் நலன்புரி அதிகாரி. போர்த் தொழிற்சாலைகளுக்காக வரவழைக்கப்பட்ட மேற்கிந்தியத் தொழிலாளர்களைக் கவனிப்பது வேலை. எங்கே அறை கிடைக்கும், எந்த முதலாளி எடுப்பார், எந்த மதுக்கூடத்தில் சண்டை வரும், எல்லாம் அவர் தலையில்.

1943 ஜூலை 30. லார்ட்ஸ் திடலில் ஓர் ஆட்டம். அதற்காக லண்டனின் ரசல் ஸ்குவேரில் உள்ள இம்பீரியல் ஹோட்டலில் நான்கு இரவுகளுக்கு முன்பதிவு செய்திருந்தார். முன்பணமும் கட்டியாகிவிட்டது. நிறம் ஒரு பிரச்சினையா என்றுகூட முன்கூட்டியே விசாரித்திருந்தார். இல்லை என்றுதான் பதில் வந்தது.

மனைவி, மகளோடு வந்து இறங்கினார். ஓர் இரவு மட்டும் தங்கலாம், பிறகு கிளம்ப வேண்டும் என்றது ஹோட்டல். காரணம்? அங்கே அமெரிக்கப் படைவீரர்கள் தங்கியிருந்தார்கள். அவர்களுக்குப் பிடிக்காதாம்.

யோசித்துப் பாருங்கள். அவர் அரசாங்க அதிகாரி. பிரிட்டிஷ் குடிமகன். அந்த நாட்டுக்காக வேலை செய்கிறவர். நாட்டில் பாதிப் பேருக்குத் தெரிந்த முகம். அவருக்கே இப்படி என்றால், லிவர்பூலில் அறை தேடி அலையும் பெயர் தெரியாத தொழிலாளிக்கு?

உடன் வேலை செய்த வெள்ளை அதிகாரி ஒருவர் ஓடி வந்து வாதாடினார். பலிக்கவில்லை. கடைசியில் குடும்பம் வேறு ஹோட்டலுக்குப் போனது.

அத்தோடு விட்டிருக்கலாம். பெரும்பாலோர் விட்டுவிடுவோம், இல்லையா? அவர் வழக்குப் போட்டார்.

இதில் ஒரு சட்டச் சிக்கல். இனப் பாகுபாடு குற்றமில்லை. அதனால் அந்தக் காரணத்தைச் சொல்லி வழக்குப் போட முடியாது. ஆனால் இங்கிலாந்தில் ரொம்பப் பழைய பொதுச் சட்ட விதி ஒன்று இருந்தது: விடுதி நடத்துபவர், வரும் பயணியை நியாயமான காரணம் இல்லாமல் திருப்பி அனுப்பக்கூடாது. குதிரைவண்டிக் காலத்து விதி. அதைத்தான் கான்ஸ்டன்டைனின் வழக்கறிஞர்கள் கையில் எடுத்தார்கள்.

1944 ஜூனில் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. நீதிபதி பெர்கெட், ஹோட்டல் செய்தது தவறு என்றார். கான்ஸ்டன்டைனை நாகரிகமானவர், நம்பத்தக்க சாட்சி என்று பாராட்டினார். இழப்பீடு எவ்வளவு தெரியுமா? ஐந்து கினி. அதாவது 5 பவுண்டு 5 ஷில்லிங். பண இழப்பு எதுவும் நிரூபிக்கப்படாததால் சட்டப்படி பெயரளவுக்குத்தான் கொடுக்க முடியும் என்றானது.

தொகையைப் பார்த்தால் சிரிப்புதான் வரும். ஆனால் அந்தத் தீர்ப்பு நாடு முழுக்கச் செய்தியானது. பிரிட்டனில் நிறத் தடை உண்டு என்று அதுவரை கறுப்பினத்தவர் சொன்னால், அப்படியெல்லாம் இல்லையே என்று தட்டிக்கழிப்பது வழக்கம். இப்போது நீதிமன்றப் பதிவே சாட்சி சொன்னது. அதே சமயம் சட்டத்தில் எவ்வளவு பெரிய ஓட்டை இருக்கிறது என்பதையும் அந்த ஐந்து கினி காட்டிவிட்டது.

அடுத்த ஆண்டு, 1945 ஆகஸ்ட். லார்ட்ஸில் டொமினியன்ஸ் அணிக்கும் இங்கிலாந்துக்கும் ஆட்டம். வழக்கமான தலைவருக்கு உடல்நலமில்லை. ஆட்டக்காரர்கள் கான்ஸ்டன்டைனைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். அணியில் அவர் ஒருவர்தான் கறுப்பினத்தவர். டொமினியன்ஸ் 45 ஓட்டத்தில் வென்றது. தன் சொந்த வெஸ்ட் இண்டீஸ் அணிக்கு டெஸ்ட் தலைவராக நியமிக்கப்படும் வாய்ப்போ அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை.

பிறகு? 50 வயதைத் தாண்டி, 1954இல் வழக்கறிஞரானார். இளமையில் நழுவிய ஆசை. அதே ஆண்டு பிரிட்டனின் நிறத் தடையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். டிரினிடாட் திரும்பி, எரிக் வில்லியம்ஸின் கட்சியில் சேர்ந்து, தேர்தலில் வென்று அமைச்சரும் ஆனார். 1962இல் டிரினிடாட் சுதந்திரம் அடைந்தபோது லண்டனில் அதன் முதல் தூதர் அவர்தான். காமன்வெல்த் நாடு என்பதால் ஹை கமிஷனர் என்பது பதவியின் பெயர். அதே ஆண்டு சர் பட்டமும் கிடைத்தது.

இனி பிரிஸ்டல்.

தூதர் செய்யக்கூடாத வேலை

பிரிஸ்டலில் மேற்கிந்தியர்கள் சுமார் 3,000 பேர். பேருந்து நிறுவனத்துக்கு ஆள் பற்றாக்குறை. ஆனாலும் கறுப்பினத்தவரை ஓட்டுநராகவோ நடத்துநராகவோ எடுக்க மறுத்தது. 1955இலேயே தொழிற்சங்கக் கிளையும் அதே மாதிரி தீர்மானம் போட்டிருந்தது. சங்கத்தைக் காட்டியது நிறுவனம். நிறுவனத்தைக் காட்டியது சங்கம். இந்த விளையாட்டு உங்களுக்கும் பழக்கப்பட்டதாக இருக்கலாம்.

ராய் ஹாக்கெட், ஓவன் ஹென்றி போன்ற சில மேற்கிந்தியர்கள் ஒன்றுகூடினார்கள். அவர்களுக்குப் பேச்சாளர், பால் ஸ்டீவன்சன் என்ற இளைஞர் நல ஊழியர். அவர் ஒரு சோதனை செய்தார். கை பெய்லி என்ற தகுதியுள்ள இளைஞருக்கு நேர்காணல் கேட்டார். தொலைபேசியில் நேரம் கிடைத்தது. பெய்லி மேற்கிந்தியர் என்று தெரிந்ததும் நேர்காணல் ரத்து!

1963 ஏப்ரல் 30ஆம் தேதி புறக்கணிப்பு தொடங்கியது. யாரும் பேருந்தில் ஏறாதீர்கள். அமெரிக்காவின் மான்ட்கோமரியில் ரோசா பார்க்ஸ் தொடங்கிவைத்ததுதான் அவர்களுக்கு முன்மாதிரி. மறுநாளே பல்கலைக்கழக மாணவர்கள் ஊர்வலம் போனார்கள். அந்தத் தொகுதி அரசியல்வாதி டோனி பென் ஆதரித்தார்.

தூதர் என்றால் என்ன செய்ய வேண்டும்? இருக்கும் நாட்டின் உள்விவகாரத்தில் தலையிடக்கூடாது. விருந்துக்குப் போகலாம், கைகுலுக்கலாம். கான்ஸ்டன்டைன் பேருந்து நிறுவனத்துக்கும் ஸ்டீவன்சனுக்கும் கடிதம் எழுதினார். பத்திரிகைகளிடம் வெளிப்படையாகப் பேசி நிறத் தடையைக் கண்டித்தார்.

அந்த நேரம் பார்த்து வெஸ்ட் இண்டீஸ் அணி இங்கிலாந்தில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்தது. மே முதல் வாரம் பிரிஸ்டலிலேயே ஆட்டம். போராட்டக்காரர்கள் அணியிடம் ஆதரவு கேட்டார்கள். அணி மறுத்துவிட்டது. விளையாட்டையும் அரசியலையும் கலக்கக்கூடாது என்பது அவர்கள் சொன்ன காரணம்.

அவர்களைக் குற்றம் சொல்வது சுலபம். நான் சொல்ல மாட்டேன். அவர்கள் விருந்தாளிகளாக வந்தவர்கள், ஒப்பந்தம் இருந்தது, முன்னால் நீண்ட தொடர் இருந்தது. கான்ஸ்டன்டைனே அந்த வயதில் இருந்தபோது எல்லா அவமானத்துக்கும் வாய் திறந்தவர் இல்லை. ஆட்டம் முடிந்து, பெயர் நிலைத்து, சட்டம் படித்து, பதவியும் வந்த பிறகுதான் இவ்வளவு துணிச்சல் கட்டுப்படியானது. ஆனால் ஒன்று: கட்டுப்படியானபோது அவர் ஒதுங்கவில்லை.

ஆட்டத்தைப் பார்க்கும் சாக்கில் அவரும் பிரிஸ்டல் போனார். நகர மேயரைச் சந்தித்தார். பிரிட்டனின் மிகப் பெரிய தொழிற்சங்கங்களில் ஒன்றின் தலைவர் ஃபிராங்க் கசின்ஸைச் சந்தித்தார். பேருந்து நிறுவனத்தின் தாய் நிறுவனத்துக்கே போய், சங்கத்தோடு பேச அதிகாரிகளை அனுப்பச் சம்மதிக்க வைத்தார். இனப் பாகுபாடு நிறுவனத்தின் கொள்கையே இல்லை என்று அங்கே மேலிடத்தில் சொன்னார்கள்.

கவனித்தீர்களா? பிரிஸ்டலில் இருந்த மேலாளரை ஸ்டீவன்சன் நெருக்கினார். அந்த மேலாளருக்கும் மேலே இருந்தவர்களின் கதவை கான்ஸ்டன்டைன் தட்டினார். அந்தக் கதவுகள் அவருக்குத் திறந்ததற்குத் தூதர் பதவி ஒரு காரணம். ஆனால் அந்த மேசைகளுக்குப் பின்னால் இருந்தவர்கள் சின்ன வயதில் அவர் ஆடிய ஆட்டத்தைப் பார்த்தவர்கள், அல்லது அப்பாவிடம் கதை கேட்டவர்கள். யாரோ ஒரு தூதரைக் காத்திருக்க வைக்கலாம். கான்ஸ்டன்டைனைக் காத்திருக்க வைப்பது கஷ்டம்.

ஆனால் புறக்கணிப்பு இல்லாமல் அவர் மட்டும் போய்ப் பேசியிருந்தால்? தேநீர் கொடுத்து அனுப்பியிருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பேச்சுவார்த்தை மாதக்கணக்கில் இழுத்தது. ஆகஸ்ட் 27ஆம் தேதி பேருந்து ஊழியர்கள் சுமார் 500 பேர் கூடி, தடையை நீக்கச் சம்மதித்தார்கள். மறுநாள் ஆகஸ்ட் 28, நிறுவனம் அறிவிப்பு வெளியிட்டது. அதே நாளில்தான் வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் தன் கனவைப் பற்றிப் பேசினார்.

செப்டம்பரில் பிரிஸ்டலின் வெள்ளையரல்லாத முதல் நடத்துநர் வேலைக்குச் சேர்ந்தார். பெயர் ரக்பீர் சிங். ஆமாம், ஒரு சீக்கியர். மேற்கிந்தியர்கள் தொடங்கிய போராட்டம், முதலில் வேலைக்கு ஏறியவர் இந்தியர்.

என்ன விலை?

டிரினிடாட் பிரதமர் எரிக் வில்லியம்ஸுக்கு இது பிடிக்கவில்லை. தன்னைக் கேட்காமல் தூதர் இன்னொரு நாட்டின் விவகாரத்தில் இறங்கியது தவறு என்பது அவர் எண்ணம். அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. சுதந்திரம் அடைந்து ஓர் ஆண்டுகூட ஆகாத சின்ன நாடு, பிரிட்டனின் தயவு தேவைப்பட்ட நேரம். இருவருக்கும் இடையே விரிசல். 1964 தொடக்கத்தில் கான்ஸ்டன்டைன் பதவியை விட்டு விலகினார். அத்தோடு அவருடைய அரசியல் வாழ்க்கையும் முடிந்தது.

1965இல் பிரிட்டன் தன் முதல் இன உறவுகள் சட்டத்தை நிறைவேற்றியது. ஹோட்டல், உணவகம் போன்ற பொது இடங்களில் இனத்தைக் காட்டி ஒருவரை மறுப்பது சட்டப்படி தவறானது. இம்பீரியல் ஹோட்டல் சம்பவம் நடந்து 22 ஆண்டுகள்! ஆனால் வேலையிடம் அந்தச் சட்டத்தில் இல்லை. அதாவது, பிரிஸ்டல் நிறுவனம் செய்தது அப்போதும் சட்டவிரோதம் ஆகவில்லை. அதற்கு 1968 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சட்டத்தை அமல்படுத்த அமைக்கப்பட்ட வாரியத்தில் கான்ஸ்டன்டைனும் உறுப்பினர். இந்தக் காலத்தில் இளைய கறுப்பினப் போராட்டக்காரர்கள் அவரை விமர்சித்தார்கள். ரொம்ப மென்மையானவர், மேல்தட்டோடு ஒட்டிக்கொண்டவர் என்று. சர் பட்டம், பிபிசி ஆளுநர் குழு, பல்கலைக்கழகக் கௌரவம் என்று பதவிகள் சேரச் சேர அந்தக் குரல் கூடியது. கதவைத் தட்டத் தெரிந்தவர், கதவுக்கு உள்ளேயே உட்கார்ந்துவிட்டாரா? அந்தக் கேள்வி இன்றும் பிரபலங்களை நோக்கிக் கேட்கப்படுவதுதான்.

1969இல் பிரபுக்கள் சபையில் அமர்ந்த முதல் கறுப்பினத்தவர் ஆனார். பிரபு பட்டம் பெறுபவர், பெயரோடு ஓர் ஊர்ப் பெயரைச் சேர்த்துக்கொள்வது வழக்கம். அவர் இரண்டைச் சேர்த்தார்: டிரினிடாடில் உள்ள மரவல், லங்காஷயரில் உள்ள நெல்சன்.

1971 ஜூலை 1ஆம் தேதி லண்டனில் மாரடைப்பால் இறந்தார். உடல் டிரினிடாடுக்குக் கொண்டுசெல்லப்பட்டு அரசு மரியாதையோடு அடக்கம் செய்யப்பட்டது. நோர்மாவும் சில மாதங்களில் காலமானார்.

நெல்சனில் அவர்கள் குடியிருந்த மெரிடித் தெரு வீடு இன்னும் இருக்கிறது. வரிசை வீடுகளில் ஒன்று, சுவரில் அவர் பெயர் பொறித்த நீலப் பலகை.